செரிமான நோய் ஆய்வுக்கான பொது ஆய்வகங்கள்

செரிமான நோய்களை ஆராயும் பல குழுக்கள் திசுவைப் பதப்படுத்தவும், சீவிச் சாயமேற்றவும், நுண்ணோக்கியில் பார்க்கவும், ஸ்கேன் படங்களை ஒரே முறையில் படிக்கவும் கூட்டாகப் பயன்படுத்தும் இடம் பொது ஆய்வகம் எனப்படும். அமெரிக்காவில் நீரிழிவு, செரிமான, சிறுநீரக நோய்களுக்கான தேசிய நிறுவனம் இத்தகைய மையங்களுக்குப் பல பல்கலைக்கழகங்களில் நிதியளிக்கிறது. செலவு மிச்சம் என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒப்பீடு. நோயாளியின் குடலையும் நலமாக இருப்பவரின் குடலையும் ஒரே கூடத்தில், ஒரே அளவுகோலால் பார்த்த பிறகுதான் எது நோய் என்று துணிந்து சொல்ல முடியும்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே வலுவான சான்று இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்டச் சிற்றூர்களில் வெப்பமண்டல ஸ்புரூ கொள்ளைநோயாகப் பரவியது. வயிற்றுப்போக்கு நிற்காது, உண்ட சத்து உடம்பில் ஒட்டாது, ஆள் உருக்குலைந்து போவார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வெல்கம் ஆய்வுப் பிரிவில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் இதை ஆராய்ந்தனர். 1957இல் அறிமுகமான குராஸ்பி கேப்சூல் அக்காலத்து ஆய்வாளர்களின் முக்கியக் கருவி. மெல்லிய குழாயின் நுனியில் உள்ள அந்தச் சிறு உலோகக் கூட்டை நோயாளி விழுங்குவார். அது சிறுகுடலை அடைந்துவிட்டதை எக்ஸ்ரேயில் உறுதிசெய்துகொண்டு, குழாய் வழியே காற்றை உறிஞ்சினால், உள்ளிருக்கும் கத்தி சுழன்று சளிச்சவ்வில் ஒரு துணுக்கை வெட்டிக்கொள்ளும். இப்படித் திசு எடுத்துப் பார்த்தபோது, எந்தக் குறையும் இல்லாத தென்னிந்தியர் பலருக்கும் குடலுறிஞ்சிகள் மேலைநாட்டுப் பாடநூல்களில் உள்ளதுபோல் விரல் வடிவில் இல்லை. இலை வடிவிலும் வரப்பு வடிவிலும் இருந்தன. நலமானவர்களின் திசு அதே மேசைக்கு வராமல் போயிருந்தால், அந்த வடிவத்தையே நோயின் அடையாளமாக எழுதி வைத்திருப்பார்கள். 1975இல் மின்னி மாத்தனும் உடனாய்வாளர்களும் மலத்தில் கொரோனா வைரஸை ஒத்த துகள்களை மின்னணு நுண்ணோக்கியில் கண்டு அறிவித்தபோதும் இந்த ஒப்பீடே கைகொடுத்தது. நலமானவர்களிடமும் அவை காணப்பட்டதால், துகளே நோய்க்குக் காரணம் என்று அவசரப்பட்டுச் சொல்ல வழியில்லாமல் போனது.

ஒப்பீட்டின் பயன் ஸ்புரூவோடு நிற்கவில்லை. குடல் காசநோயும் குடல் அழற்சியான கிரோன் நோயும் கொலோனோஸ்கோப்பியில் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சிகிச்சையோ நேர் எதிரானது. காசநோயாளிக்குக் கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கிருமி தழைக்கும். வேலூரின் அன்னா புலிமூடும் குழுவினரும் இரு நோய்களின் திசுக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, காசநோயில் கிரானுலோமாக்கள் எனப்படும் அழற்சிச் செல் திரள்கள் பெரியவையாகவும் ஒன்றோடொன்று கலந்தும் இருக்கும் என்பதை 1999இலும் பின்னரும் விளக்கினர். சில நோயாளிகளை மட்டும் பார்க்கும் தனி மருத்துவமனையில் இந்த வேறுபாடு கண்ணில் படாது. 1973இல் மெல்போர்னில் ரோட்டா வைரஸ் கண்டறியப்பட்டதும் கூட்டுழைப்பால்தான். குழந்தைகள் மருத்துவமனையில் எடுத்த முன்சிறுகுடல் திசுவைப் பல்கலைக்கழகத்தின் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள்.

தூத்துக்குடியின் முத்தையாபுரம் போன்ற இடத்திலிருந்து பார்க்கும்போது நியாயமான மறுப்பு ஒன்று எழுகிறது. உப்பளமும் துறைமுகமும் சூழ்ந்த இந்தக் கரைக்கு வயிற்றுநோய் புதிதல்ல. முத்துக்குளிப்புக்குக் கூட்டம் கூடும்போதெல்லாம் காலரா பற்றிய அச்சமும் கூடவே வந்தது. பொது ஆய்வகம் வேலூரில் அமைந்தால், அது இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். திசு அங்கே போனால் பெயரும் திறமையும் அங்கேயே தங்கிவிடும், தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி வெறும் மாதிரி அனுப்பும் இடமாகிவிடும் என்பது அந்த மறுப்பு. இந்தக் கவலையைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆய்வின் தரம் பாதிக்கு மேல் இங்கேயே முடிவாகிறது. எண்டோஸ்கோப்பி அறையில் எடுத்த அரிசியளவுத் துணுக்கைச் சளிப்பரப்பு மேலாக வடிதாளில் விரித்து, காயவிடாமல் உடனே ஃபார்மலினில் இட வேண்டும். சுருண்டு போனால் சாய்வாக வெட்டுப்பட்டு, உறிஞ்சிகள் இருந்தும் இல்லாததுபோல் தெரியும். மின்னணு நுண்ணோக்கிக்கு என்றால் குளூட்டரால்டிஹைடில் தனியே ஒரு துணுக்கு. ஆர்என்ஏ ஆய்வுக்கு மீன் ஏற்றும் ஐஸ் பெட்டி போதாது. மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி வேண்டும். இவற்றைச் செய்யத் தெரிந்த நுட்பநர் தூத்துக்குடியில் இருந்தே ஆக வேண்டும். அவரைப் பயிற்றுவிப்பது பொது ஆய்வகத்தின் கடமை. ஆய்வுக் கட்டுரையில் இங்குள்ள மருத்துவர்களின் பெயர் இடம்பெறுவதும் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டிய நிபந்தனை.

காத்திருக்கும் நோயாளிக்கு முடிவு தாமதமாகும் என்பது இன்னொரு மறுப்பு. சிகிச்சைக்கான அறிக்கையை உள்ளூர் நோயியல் துறையே தரலாம். திசு பதிந்த பாரஃபின் கட்டியை இங்கேயே வைத்துக்கொண்டு, கூடுதலாகச் சீவிய கண்ணாடி வில்லைகளை மட்டும் அனுப்பலாம். வில்லை ஸ்கேனர் இருக்குமிடத்தில் அதுவும் வேண்டாம், படம் போனால் போதும். திசுவை ஆய்வுக்குச் சேமிப்பதற்கு நோயாளியின் ஒப்புதல் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் கூறுகின்றன. அந்த ஒப்புதலை உப்பளத் தொழிலாளிக்குப் புரியும் தமிழில் விளக்கிப் பெறுவதும், அவருக்குப் பயன்படும் முடிவு ஏதும் கிடைத்தால் அதை அவருக்குத் திரும்பச் சொல்வதும் மாதிரியை எடுத்த மருத்துவமனையின் பொறுப்பு.