பின்பாட்டுப் பெஞ்சில் ஆர்மோனியப் பெட்டி

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம். வாத்தியார்களையும் வேஷக்காரர்களையும் பற்றி எழுத இந்த மலரில் பலர் இருக்கிறார்கள். விடிய விடிய உட்கார்ந்து வாசிக்கும் பெட்டிக்காரரைப் பற்றி எழுதும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு குழுவின் மெட்டுகள் அத்தனையும் அவர் விரலில்தான் இருக்கின்றன.

1842-இல் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம் காலால் மிதித்து வாசிப்பது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875 வாக்கில் அதைக் கைத்துருத்திப் பெட்டியாக்கினார். தரையில் உட்கார்ந்து வாசிக்கலாம், தலைச்சுமையாக ஊர்விட்டு ஊர் கொண்டுபோகலாம் என்றான பிறகு நாடகக் கொட்டகைகள் அதை எடுத்துக்கொண்டன. கூத்திலும் முகவீணை இருந்த பக்கத்தில் பெட்டி வந்து அமர்ந்தது.

சங்கீதம் தெரிந்தவர்கள் அதை ஏற்கவில்லை. பாரதியாரே கண்டித்து எழுதினார். அகில இந்திய வானொலி 1940-இல் தடை போட்டது. 1971-இல்தான் அது தளர்ந்தது. கமகம் பேசாது, சுரங்களுக்கு நடுவே வழுக்கிப் போக முடியாது என்பது குற்றச்சாட்டு. அது உண்மைதான். ஆனால் கூத்துக்குப் பெட்டி செய்யும் வேலை வேறு. உச்சக் கட்டையில் திரை விருத்தம் எடுக்கும் வேஷக்காரர் மூச்சு வாங்கும் இடத்தில் சுருதி அறுந்துவிடக் கூடாது. துருத்தியை விடாமல் அழுத்தி அந்தச் சுரத்தைப் பிடித்து வைத்திருப்பவர் பெட்டிக்காரர். அடுத்த அடி மறந்துபோனால் மெட்டின் முதல் இரண்டு சுரத்தைத் தொட்டுக் காட்டி நினைவூட்டுபவரும் அவரே. வானொலி நிலையத்தின் கணக்கில் இந்தக் கலை வரவே இல்லை.

பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரீடு என்னும் பித்தளை நாக்கு. நுனியைச் சுரண்டினால் சுரம் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். கொஞ்சம் கூடிப்போனாலும் ரீடு பாழ். இதைக் கையால் செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவருகிறார்கள்.

தெரிந்ததை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்ற வழி உண்டு என்பதற்கு வெளிநாட்டில் ஓர் உதாரணம். இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாந்து என்றொரு ஆடு மேய்க்கும் மலைநாடு. அங்கே கான்செர்ட்டினா என்ற கையடக்கத் துருத்திப் பெட்டியில் நாட்டுப்புற மெட்டுகளை வாசிக்கிறார்கள். அதன் உள்ளேயும் இதே உலோக நாக்குதான். அதில் பேர்போன அலிஸ்டர் ஆண்டர்சன், வில்லி டெய்லர், ஜோ ஹட்டன், வில் அட்கின்சன் ஆகிய முதிய மேய்ப்பர்களோடு உட்கார்ந்து வாசித்தவர். 1988-இல் ராஸ் ரிக்பியுடன் சேர்ந்து ஃபோக்வொர்க்ஸ் அமைப்பைத் தொடங்கி, அந்த மெட்டுகளைச் சிறுவர்களுக்குக் கற்றுத்தர வழிசெய்தார்.

நம் மாவட்டத்துக்கும் அப்படியொரு ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு குழுவும் தன் பெட்டிக்காரர் பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்காரவைக்கட்டும். களரி கட்டுவது முதல் மங்களம் வரை எந்த வேஷத்துக்கு எந்த மெட்டு, எத்தனை கட்டை என்று ஒரு நோட்டில் எழுதட்டும், கைப்பேசியில் பதியட்டும். இந்த ஆண்டுப் பாரதத்திலேயே இதைத் தொடங்கிவிடலாம்.