புள்ளிகளை வாசித்த பெண்மணி

இலக்கியத் தொடரொன்றில் எக்ஸ் கதிருக்கு என்ன வேலை என்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். இம்முறையும் வாசிப்பைப் பற்றித்தான் பேசுகிறேன். ஆனால் வாசிக்கப்பட்டது நூலன்று. புகைப்படத் தகட்டில் சிதறிக் கிடந்த கரும்புள்ளிகள். அந்தப் புள்ளிகளிலிருந்து ஒரு மருந்தின் உருவத்தை வாசித்து எடுத்தவர் டொறதி ஹொட்ஜ்கின் என்னும் ஆங்கிலப் பெண்மணி.

அவரிடம் வருமுன் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும். றொண்ட்கன் 1895 இல் கண்டறிந்த எக்ஸ் கதிர் கையெலும்பைக் காட்டிய கதையை யாவரும் அறிவோம். 1912 இல் மியூனிக் நகரில், மக்ஸ் வொன் லௌவே சொன்ன யோசனையின்படி, பிரீட்றிக், நிப்பிங் என்ற இருவர் அக்கதிரை ஒரு மயில்துத்தப் பளிங்கினூடே செலுத்தினர். பின்னால் வைத்த தகட்டில் விழுந்தது நிழலன்று, புள்ளிகள்.

பளிங்கு என்றதும் மலைக்க வேண்டாம். சமையலறை உப்பும் கற்கண்டும் பளிங்குகளே. நெய்த பாயிலே ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருவது போல, அவற்றினுள்ளே அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. எக்ஸ் கதிரின் அலைநீளமும் அணுக்களுக்கு இடையிலுள்ள தூரமும் ஏறத்தாழ ஓரளவானவை. ஆகவே அடுக்குகளிற் பட்டுச் சிதறும் அலைகள் சில திசைகளில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன; மற்றத் திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. புள்ளிகள் பிறப்பது இவ்வாறுதான். அவற்றின் இடமும் கருமையும் அணுக்களின் இருப்பிடத்தைச் சொல்லும் என்பதை இங்கிலாந்தில் பிராக் என்ற தந்தையும் மகனும் நிறுவினர். 1915 இல் இருவருக்கும் சேர்த்து நொபெல் பரிசு கிடைத்தபோது மகனுக்கு வயது 25.

அவர்கள் முதலில் வாசித்தவற்றுள் ஒன்று சாதாரண உப்பு. ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரின் என்று சோடி சேர்ந்த மூலக்கூறு அதில் இல்லை. சதுரங்கப் பலகையிற் போல இரண்டும் மாறி மாறி நிற்கின்றன என்றார்கள். ஆம்ஸ்ரோங் என்ற முதிய இரசாயனவியலாளருக்கு இது பொறுக்கவில்லை. 1927 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையிலே கோபமாக எழுதினார். உப்புக்காக ஒருவர் இவ்வளவு மனம் நொந்தாரே என்று எனக்கு அவர் மீது சிறிது பிரியமும் உண்டு.

உப்பு எளிது. பெரிய மூலக்கூறுகளுக்கு வரும்போதுதான் சிக்கல். எக்ஸ் கதிரைக் குவித்து அணுக்களின் உருவத்தைப் பெருக்கிக் காட்டும் வில்லை அக்காலத்தில் இல்லை. வில்லை செய்ய வேண்டிய வேலையைக் கணிதம் செய்ய வேண்டும். அதற்கும் பாதித் தகவல் கிடைப்பதில்லை. வந்து சேர்ந்த அலை எவ்வளவு வலியது என்பதைத் தகடு சொல்லும். அது முகடாக வந்ததா, பள்ளமாக வந்ததா என்பதைச் சொல்லாது. நமது பழைய ஏட்டுச் சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் அங்கே பெரும்பாலும் இல்லை. ‘க’வா ‘க்’கா என்பதைப் பொருளறிந்து படிப்பவரே தீர்மானிக்க வேண்டும். பளிங்குகளைப் படித்தோரின் நிலையும் ஏறக்குறைய அதுவே.

டொறதி 1910 இல் கெய்ரோவில் பிறந்தவர். தந்தை சூடானில் கல்வித் துறையில் கடமையாற்றிப் பின்னர் தொல்பொருள் ஆய்வில் இறங்கியவர். தாயார் பண்டைய நெசவுகளை ஆராய்ந்தவர். 1928 இல் ஜோர்தானில் ஜெராஷ் என்ற இடத்துப் புராதன தேவாலயங்களின் தரைச் சித்திரங்களை, கல்லுக்குக் கல் பிசகாமல், டொறதி வரைந்து பழகினார். திரும்பத் திரும்ப வரும் கோலத்தைக் காணும் கண் அவருக்கு அங்கேயே வாய்த்தது என்பது என் எண்ணம். பிள்ளைப் பருவத்தில் தாயார் கொடுத்த நூலொன்றும் அவர் பாதையைத் தீர்மானித்தது. அது மூத்த பிராக் சிறுவர்களுக்கு ஆற்றிய உரைகளின் அச்சு வடிவம். பேசியதை அச்சேற்றுவதும் வீண் வேலையல்ல என்று இந்தப் பத்திக்காக நான் ஆறுதல் கொள்கிறேன்.

கேம்பிறிட்ஜில் அவருக்கு ஆசானாக வாய்த்தவர் பேர்னால். 1934 இல் சுவீடனிலிருந்து ஒரு நண்பர், இரைப்பையில் உணவைச் செரிக்கச் செய்யும் பெப்சினின் பளிங்குகளைக் கொண்டுவந்தார். புரதம் எதுவும் அதுவரை தெளிவான புள்ளி தந்ததில்லை. பேர்னால் நுணுக்குக்காட்டியிற் பார்த்தார். உலர உலரப் பளிங்கின் ஒழுங்கு குலைவதைக் கண்டார். ஊறியிருந்த நீரோடு சேர்த்தே மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்தார். புள்ளிகள் பொலிந்தன! அன்று டொறதி அங்கில்லை. வலித்து வீங்கிய கைவிரல்களைக் காட்ட இலண்டனில் ஒரு வைத்தியரிடம் போயிருந்தார். மூட்டுவாதம் என்று தெரிந்தது. வயது 24. கடுகளவுப் பளிங்குகளைத் தூக்கி நிறுத்த வேண்டிய விரல்கள் அவை.

அதே ஆண்டில் ஒக்ஸ்போட் திரும்பிய அவருக்கு, அங்கு இரசாயனப் பேராசிரியராக இருந்த றொபேட் றொபின்சன் சிறிது இன்சுலினைக் கொடுத்தார். அதைப் பெரிய பளிங்குகளாக வளர்த்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார். புள்ளிகளைக் கண்ட மகிழ்ச்சியில் இரவிலே ஒக்ஸ்போட் வீதிகளில் நடந்து திரிந்தாராம். 1935 இல் கட்டுரையும் வந்தது. ஆனால் படம் கிடைத்ததே தவிர, பொருள் விளங்கவில்லை.

இடையில் யுத்தம் வந்தது, பெனிசிலின் வந்தது. அதன் உருவம் தெரிந்தால் செயற்கையாக ஆக்கலாம் என்று இரு நாட்டு இரசாயனவியலாளர்கள் பாடுபட்டனர். மூன்று காபனும் ஒரு நைதரசனும் கூடிய நாற்கோண வளையம் இருக்கிறது என்று ஒக்ஸ்போட்டில் ஏப்ரகாமும் செயினும் கருதினர். அப்படியொரு வளையம் நிலைக்காது என்று மறுத்தவர்களில் முதல்வர், இன்சுலினைத் தந்த அதே றொபின்சன். டொறதியும் மாணவி பார்பரா லோவும், ஒரு தொழிற்சாலை ஆய்வாளரான பன்னும், பெனிசிலின் உப்புகளின் பளிங்குகளைப் படம் பிடித்தனர். கணிப்புக்கு எண்கள் அச்சிட்ட காகிதக் கீற்றுகள். பிறகு துளையிட்ட அட்டைகளை எண்ணும் யந்திரம். அணுக்களின் செறிவைத் தேசப்படத்தில் மலை காட்டும் கோடுகள் போலக் கண்ணாடித் தாள்களில் வரைந்து அடுக்கினார்கள். 1945 இல் முடிவு தெரிந்தது. நாற்கோண வளையம் இருந்தது! அந்த அமைப்பு மெய்யானால் இரசாயனத்தை விட்டுக் காளான் வளர்ப்பேன் என்று ஜோன் கோன்போத் என்ற இளைஞர் சூளுரைத்ததாக ஒரு கதை உண்டு. அவர் காளான் வளர்க்கவில்லை. 1975 இல் இரசாயனத்துக்கு நொபெல் பரிசு பெற்றார்.

வெறும் வாதம் என்று இதை எண்ணிவிடக் கூடாது. இறுகி நிற்கும் அந்த வளையம் உடைந்து, கிருமியின் சுவரைக் கட்டும் நொதியத்தைப் பற்றிக்கொள்வதனாலேயே பெனிசிலின் கொல்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பல, அவ்வளையத்தை வெட்டும் நொதியத்தை ஆக்கித்தான் தப்பிக்கின்றன.

பிறகு விற்றமின் பீ 12. நடுவே ஒரு கோபோல்ற்று அணுவைக் கொண்ட அதன் உருவத்தை 1956 அளவில், அமெரிக்காவில் புறூபிளட் என்பவர் கணனியில் கணித்து அனுப்பிய எண்களின் துணையோடு, வாசித்து முடித்தார். 1964 இல் தனியொருவராக நொபெல் பரிசு. மூன்று பிள்ளைகளின் தாய், இல்லத்தரசி என்றெல்லாம் அவரது நாட்டுப் பத்திரிகைகள் தலைப்பிட்டன. ஆண்களுக்கு அப்படித் தலைப்பிட்டதாக நான் கண்டதில்லை.

இதற்குள் ஒரு வேடிக்கை. 1951 இல் இலண்டனில் நடந்த தேசியக் கண்காட்சிக்காகப் பளிங்குப் படங்களைத் துணியிலும் சுவர்த்தாளிலும் அலங்காரமாக அச்சிட்டார்கள். அவற்றுள் இன்சுலினும் ஒன்று. நிபுணரும் வாசிக்க முடியாத ஏட்டைச் சுவரில் ஒட்டி அழகு பார்த்திருக்கிறார்கள்!

இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். அவற்றின் வரிசையைச் சாங்கர் 1955 அளவில் கண்டுபிடித்தார். அவை முப்பரிமாணத்தில் எப்படி மடிந்துள்ளன என்பதை அவ்வரிசை காட்டவில்லை. பாரமான அணுவொன்றைப் புரதத்திற் சேர்த்து, மாறும் புள்ளிகளை ஒப்பிட்டால், மறைந்த பாதித் தகவல் மீளும் என்று பெருட்ஸ் 1953 இல் காட்டிய பின்பே கதவு திறந்தது. 1969 இல் விடை கிடைத்தது: இரு நாக அணுக்களைச் சுற்றி ஆறு ஆறாகக் கூடி நிற்கும் இன்சுலின். கூட்டத்திலிருந்து விரைந்து பிரியும் வகைகளைச் சலரோகக்காரருக்காகப் பிற்காலத்தில் ஆக்குவதற்கு இவ்வறிவு உதவியது.

ஹொட்ஜ்கின் 1994 இல் காலமானார். மகி ஹாம்பிளிங் 1985 இல் தீட்டிய அவரது ஓவியம் இலண்டனில் தேசிய உருவப்பட மண்டபத்தில் இருக்கிறது. வளைந்த விரல்களோடு நான்கு கைகள் மேசையில் வேலை செய்கின்றன. இன்சுலின் விடையை அறிவித்த 1969 ஆம் ஆண்டு ‘நேச்சர்’ கட்டுரையில் பத்துப் பெயர்கள் உள. முதல் ஐந்தும் இளையவர்களுடையவை. ஐந்தாவது, இந்தியாவிலிருந்து சென்று அவரிடம் பணியாற்றிய விஜயனுடையது. 34 ஆண்டுகள் காத்திருந்தவரின் பெயர் எட்டாவதாக இருக்கிறது.