வார்டன் எங்கே குடியிருக்கிறார்? பேராதனை விடுதிகளும் மலையகப் பிள்ளைகளும்

அட்டன்ல இருந்து கண்டிப் பக்கம் இறங்கும் ரயில் நாவலப்பிட்டி, கம்பளை தாண்டி பேராதனைக்கு வரும். அங்கே ஹந்தானை மலை அடிவாரத்தில் மகாவலி ஓரமாக இருக்கிற பல்கலைக்கழக வளாகத்தை நம்மில் பலர் படத்திலாவது பார்த்திருப்போம். அந்த நிலம் ஒரு காலத்தில் தோட்டக் காணி என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. நியூ பேராதனை எஸ்டேட் என்ற தோட்டத்தை எடுத்துத்தான் வளாகத்தைக் கட்டினார்கள். இலங்கையின் முதல் பல்கலைக்கழகம் ஒரு தோட்டத்தின் மேலே எழும்பி நிற்குது. அப்படியிருந்தும் தோட்டத்துப் பிள்ளை அதன் விடுதிக்குள் பெட்டியோடு நுழைய வெகுகாலம் பிடித்தது. அந்த விடுதிகளில் வார்டன் என்றொருவர் மாணவர்களோடு தங்கியிருந்தார். அந்த வேலையின் கதையைத்தான் இங்கே பேசப்போகிறோம்.

கொழும்பில் 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. முழுப் பல்கலைக்கழகத்தை எங்கே கட்டுவது என்று அதன்பிறகு வருஷக்கணக்கில் சண்டை. கொழும்பிலேயே கட்டலாம் என்றது ஒரு கூட்டம். ஊர்ச் சத்தத்துக்கு வெளியே, கண்டிப் பக்கம் வேணும் என்றது இன்னொரு கூட்டம். பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தன இரண்டாவது பக்கம். கடைசியில் பேராதனை வென்றது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது, ஐவர் ஜென்னிங்ஸ் முதல் துணைவேந்தர். 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. வளாகத் திட்டத்தைப் பாட்ரிக் அபர்குரோம்பியும் கிளிஃபர்ட் ஹாலிடேயும் போட்டார்கள், கட்டடங்களுக்கு ஷேர்லி டி அல்விஸ் பொறுப்பு.

ஜென்னிங்ஸ் கேம்பிரிட்ஜில் படித்தவர். பல்கலைக்கழகம் என்றால் விரிவுரை கேட்டுட்டு வீட்டுக்குப் போற இடமில்லை, அங்கேயே தங்கிச் சாப்பிட்டுப் பேசிப் பழகுற இடம் என்று அவர் நம்பினார். அதனால் பேராதனையின் திட்டத்தில் விடுதிக்கு விரிவுரை மண்டபத்தோடு சமமான இடம் இருந்தது. ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு வார்டன். அவர் பெரும்பாலும் ஒரு விரிவுரையாளர். அவருக்கு உதவியாக சப் வார்டன்கள். இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தாலும், அறைத்தோழர்கள் சண்டை பிடித்தாலும், வீட்டிலிருந்து சாவுத் தந்தி வந்தாலும், முதலில் தட்டப்படும் கதவு வார்டனுடையது. அறை ஒதுக்குவது, சாப்பாட்டைக் கவனிப்பது, ஒழுங்கு பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மாணவர் இருக்கிற இடத்திலேயே தானும் இருப்பதுதான் அந்த வேலையின் அடிப்படை.

விடுதிகளுக்கு வைத்த பெயர்களில் ஒன்று நமக்கு முக்கியம்: அருணாசலம் விடுதி. சேர் பொன்னம்பலம் அருணாசலம் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே சங்கம் அமைத்துப் போராடியவர். அவரேதான் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டங்களில் அடைபட்டுக் கிடந்த இந்தியத் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்தார். ஒரு கடனில் இருந்து இன்னொரு கடனுக்கு ஆளைக் கைமாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிந்ததில் அந்த முயற்சிக்கும் பங்கு உண்டு. பல்கலைக்கழகமும் தோட்டத் தொழிலாளியும் ஒரே மனிதரின் கவலையாக இருந்த காலம் அது. அவர் பெயரில் விடுதி எழும்பிய நேரத்தில் அந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கு என்ன நடந்தது?

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த வருஷம் வாக்குரிமையும் போனது. தோட்டப் பாடசாலை என்றால் பெரும்பாலும் ஒரு கூடம், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்பு வரை. அதுக்கு மேலே படிக்க டவுன் பாடசாலைக்குப் போக வேணும், அதுக்குக் காசு வேணும். 1950களில் பேராதனை விடுதியில் ஒரு தோட்டத் தொழிலாளியின் பிள்ளையைக் காண்பது அபூர்வம். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்திலும் அதிகாரம் தொழிலாளியோடு ஒரே இடத்தில்தான் குடியிருந்தது. ஆனால் எப்படிக் குடியிருந்தது? துரை பங்களா மேட்டில். லயம் பள்ளத்தில். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒரு குடும்பமே சுருண்டு படுக்கும். காலையில் பிரட்டுக்களத்தில் பேர் போடுவார்கள், கங்காணி பார்ப்பார், கணக்கப்பிள்ளை எழுதுவார். பக்கத்தில் இருப்பது என்றால் அங்கே கண்காணிப்பது என்றுதான் அர்த்தம். இராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று துரை பங்களாவைத் தட்ட யாருக்குத் துணிச்சல் வரும்? நம் பாட்டன் பூட்டன் பழகியது அந்த அதிகாரத்தோடு. ஜென்னிங்ஸ் கற்பனை செய்த வார்டன் இதற்கு நேர் எதிர். அவர் பக்கத்தில் இருப்பது தட்டினால் திறப்பதற்காக.

அந்தக் கற்பனை அப்படியே நிலைக்கவில்லை. 1960களில் சிங்களத்திலும் தமிழிலும் கலைப்பீடப் படிப்பு வந்தது, கிராமத்துப் பிள்ளைகள் பெருவாரியாக வந்தார்கள். அது நல்ல மாற்றம்தான். ஆனால் விடுதிகள் அதே வேகத்தில் கூடவில்லை. அறைகள் நெரிந்தன. வார்டனுக்குப் பெயர் தெரிந்த மாணவர்கள் குறைந்துபோனார்கள். 1971 கிளர்ச்சிக்குப் பிறகு மாணவர் விடுதி என்றாலே அரசு சந்தேகத்தோடு பார்த்தது. வித்யோதய, வித்யாலங்கார வளாகங்கள் தடுப்பு முகாம்களாகவே மாறின. இந்த நெருக்கத்தில் வார்டன் கொஞ்சம் கொஞ்சமாக நிர்வாகத்தின் ஆள் ஆனார். மாணவர்களும் அவரை அப்படித்தான் பார்த்தார்கள்.

வார்டன் இல்லாத இடத்தை யார் பிடித்தார்கள்? சீனியர்கள். 1975இல் பேராதனை ராமநாதன் விடுதியில் ஒரு விவசாய பீட மாணவி பகிடிவதையிலிருந்து தப்ப மாடியிலிருந்து குதித்தார். உடல் செயலிழந்தது, 2002இல் அவர் தன் உயிரை முடித்துக்கொண்டார். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் முதல் வருடத்திலேயே பகிடிவதையால் இறந்தார். அவரை வதைத்ததும் தமிழ் சீனியர்கள்தான். அதை மறைத்துப் பேசுவதில் பிரயோசனமில்லை. அடுத்த வருஷம், 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. 2 வருடம் வரை சிறை, பாலியல் துன்புறுத்தலோ கடும் காயமோ நடந்தால் 10 வருடம் வரை. ஆனால் இராத்திரி 1 மணிக்கு விடுதித் தாழ்வாரத்தில் நடக்கிறதைச் சட்டப் புத்தகம் பார்க்காது. அங்கே இருக்கிற ஆள்தான் பார்க்க வேணும்.

1983 மே மாதம் பேராதனையில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விடுதிகளிலிருந்து துரத்தப்பட்டார்கள். கறுப்பு ஜூலைக்கு இரண்டு மாதம் முன்னாலேயே அங்கே நெருப்புப் பற்றிவிட்டது. விடுதி ஒரு வீடு என்ற பேச்சு அந்த நாட்களில் உடைந்தது. 1989இல் அல்விஸ் குளத்தைச் சுற்றி வெட்டப்பட்ட தலைகள் வைக்கப்பட்டபோது சிங்கள மாணவர்களுக்கும் அது உடைந்தது. இந்த அளவு வன்முறைக்கு முன்னால் ஒரு வார்டனால் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவரிடம் துப்பாக்கி இல்லை, படை இல்லை. ஆனால் ஒரு கும்பல் அறைக்கதவைத் தட்டும்போது அந்தத் தாழ்வாரத்தில் பொறுப்புள்ள ஒருத்தர் நிற்கிறாரா இல்லையா என்பது உள்ளே இருக்கிற பிள்ளைக்குச் சின்ன விஷயமில்லை.

இன்று இந்த வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வார்டனாக இருக்கும் விரிவுரையாளர் கற்பித்தலோடு சேர்த்து இதையும் பார்க்கிறார். உள்ளேயே தங்கி, இரவு பகல் பார்ப்பது பெரும்பாலும் முழுநேர சப் வார்டன். பட்டதாரிகளுக்கான சம்பள வேலை அது. தண்ணீர் வரலை, பல்பு எரியலை, பிள்ளைக்கு வலிப்பு, ஒருத்தி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று எல்லாம் அந்த மேசைக்குத்தான் வரும்.

நுவரெலியா கல்வியில் பின்தங்கிய மாவட்டம் என்ற பட்டியலில் இருக்கிறது. மாவட்டக் கோட்டா வழியாகவும் திறமை வழியாகவும் நம் பிள்ளைகள் இப்போது பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள். பலர் குடும்பத்தில் முதல் ஆள். தனிக் கட்டில், தனி மேசை சிலருக்கு வாழ்க்கையிலேயே முதல்தடவை விடுதியில்தான் கிடைக்குது. காய்ச்சலில் கிடந்தால் அம்மா ஓடிவர முடியாது. மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை, பேர் இல்லாட்டி சம்பளம் இல்லை. அதனால் மற்றப் பிள்ளைகளைவிட நம் பிள்ளைகளுக்குத்தான் விடுதியில் தங்கியிருக்கும் அந்தப் பொறுப்பாளர் அதிகம் தேவை.

ஆனால் நம் பிள்ளைகள்தான் அந்தக் கதவை மிகக் குறைவாகத் தட்டுகிறார்கள் என்று நாங்கள் நினைக்கிறோம். ஒரு காரணம் மொழி. வலியையும் பயத்தையும் இரண்டாம் மொழியில் சொல்வது லேசில்லை. இன்னொரு காரணம் ஆழமானது. பதவியில் இருக்கிறவர் முன்னால் கையைக் கட்டிட்டு நிற்கிற பழக்கம் தலைமுறையாக வந்தது. "சொல்லிட்டா பிரச்சினையாயிரும்" என்ற பேச்சை லயத்தில் கேட்காதவர் யார்? வார்டனைப் பார்த்ததும் துரையை நினைக்கிற மனசு அது.

எனவே நாங்கள் கேட்பது இரண்டு. மலையகப் பிள்ளைகள் தங்கும் விடுதிகளில் தமிழ் பேசும், இரவில் உண்மையாகவே உள்ளே இருக்கும் சப் வார்டன்கள் வேண்டும். முக்கியமாகப் பெண்கள் விடுதிகளில். கேட்டைப் பூட்டும் நேரத்தை மட்டும் காப்பவர் போதாது. அந்த வேலைக்கு விளம்பரம் வரும்போது மலையகப் பட்டதாரிகள் விண்ணப்பிக்க வேண்டும். வாத்தியார் வேலை ஒன்றுதான் நமக்கு என்று ஏன் நிற்கணும்?

இரண்டாவது, இந்த வருஷம் விடுதிக்குப் போகிற தங்கச்சி தம்பிமாருக்கு. முதல் வாரத்திலேயே சப் வார்டனின் அறை எது, இராத்திரி எந்த நம்பருக்கு எடுக்கணும் என்று கேட்டு எழுதி வைங்க. தேவை வந்தால் தட்டுங்க. திறக்காவிட்டால் அதையும் எழுத்தில் மேலே அனுப்புங்க. அவர் அங்கே குடியிருப்பது உங்களுக்காகத்தான்.