தேய்ந்த பற்களுக்கும் வரலாறு இருக்கு

மோட்டார் சைக்கிள் வரலாறு எண்டு தேடினால் எஞ்சின், வேகம், பந்தயம் எண்டுதான் வரும். எஞ்சினின் வலு பின்சில்லுக்கு எப்படிப் போனது, போகிற வழியில் எது தேய்ந்தது, அதை ஆர் திருத்தினது என்பதை நாங்கள் பெரிசாக வாசிப்பதில்லை.

எங்கட றோட்டில் ஓடுகிற பைக்குகளில் பெரும்பாலானவற்றுக்குச் செயின்தான். செயின் தேய்ந்தால் தொங்கும், சத்தம் போடும். ஓடுகிற ஆளுக்கே விளங்கும். செயினுக்குப் பதிலாக ஒரு உருக்குத் தண்டைச் சுழலவிடுவதுதான் ஷாஃப்ட் முறை. பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1900களிலேயே தன் நாலு சிலிண்டர் பைக்கில் இதைப் பாவித்தது. ஆனால் அதை நிலைநிறுத்தியது பீ.எம்.டபிள்யூ. முதலாம் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தத்தால் ஜேர்மனியில் விமான எஞ்சின் செய்வது தடைப்பட்டது. விமான எஞ்சின் வடிவமைத்த மக்ஸ் ஃப்ரிட்ஸ் 1923இல் ஆர்32 எண்ட 494 சீசீ பைக்கைத் தந்தார்.

ஆர்32இன் பின்சில்லுக்கு சஸ்பென்ஷன் இல்லை. தண்டு அசையத் தேவையும் இல்லை. 1938இல் பின் சஸ்பென்ஷன் வந்தது. சில்லு மேலும் கீழும் போனால் தண்டும் மடங்கி, முன்பின் வழுக்க வேணும். அங்கேதான் ஸ்ப்ளைன் முக்கியமாகிறது. தண்டின் முனையில் நீளவாக்கில் வெட்டின பற்கள், அதே மாதிரிப் பல்லுள்ள துளைக்குள் பொருந்தும். 1955 மாதிரிகளில் தண்டு ஒயிலுக்குள் சுழன்றது. 1983இல் வந்த கே100இல் ஒயில் இல்லை. ஸ்ப்ளைனுக்குப் பூசின கிறீஸ் மட்டுந்தான் காவல். கிறீஸ் காய்ந்தாலும் வெளியில் ஒண்டும் தெரியாது.

நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியர் போட்டு, பின்சில்லை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பது முதல் சோதனை. கொஞ்சம் ஆடுவது வழமை. அளவுக்கு மீறி ஆடினால் சில்லையும் பின் கியர்ப் பெட்டியையும் கழட்ட வேணும். தலை தட்டையாக இருக்க வேண்டிய பல், கத்தி மாதிரிக் கூராகியிருக்கும். கிறீஸ் இருந்த இடத்தில் செங்கல் நிறத் தூள் கிடக்கும். உருக்கும் உருக்கும் உரசிப் பிடித்த துரு அது.

அந்தக் கட்டத்தில் கிறீஸ் பூசிப் பிரயோசனமில்லை. ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் பழைய பல் புதுப் பல்லைத் தின்னும். சோடியாக மாற்ற வேணும். சாமான் கிடைக்காவிட்டால், லேத்காரர் தேய்ந்த முனையை வெட்டி, புதுப்பல் வெட்டின துண்டை நேர்பிடித்து வெல்ட் பண்ணுவார். பிறகு மொலிப்டினம் கலந்த கிறீஸ்.

'பராமரிப்புத் தேவையில்லை' எண்டு ஷாஃப்டைப் புகழ்வார்கள். பராமரிப்பு இல்லாமல் போகவில்லை, கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போனது. ஃப்ரிட்ஸின் பெயர் புத்தகத்தில் இருக்கு. அந்தப் பைக்குகளை இத்தனை காலம் ஓடவைத்த லேத்காரர்களின் பெயர் இல்லை. அவர்களின் வேலையை ஆர் எழுதப்போகிறது எண்டதைத்தான், வரலாறு படிக்கிற நாங்கள் கேட்க வேணும்.