முடக்குவாத மருத்துவம் ஓசூர் வரை வந்த வழி

முடக்குவாதம் மூட்டுத் தேய்மானத்தால் வருவதன்று. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வருவது. பெரும்பாலும் இரு கைகளின் சிறு மூட்டுகளிலும் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். கைக்கடிகாரம் கோப்பதும் மின்னணுப் பாகம் பொருத்துவதும் விரல்களை நம்பிய வேலைகள். அத்தகைய வேலைகளில் பெண்கள் நிறைந்திருக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு இந்நோயின் மருத்துவ வரலாறு தூரத்துச் செய்தி அல்ல.

ஆலைகள் வரும் முன் இங்கே சித்தமும் ஆயுர்வேதமும் கைவைத்தியமும்தான் துணை. வாத நோய்களைச் சித்த மருத்துவம் 80 வகையாகப் பிரித்தது. அவற்றுள் உதிரவாத சுரோணிதத்தை இன்றைய சித்த மருத்துவர்கள் முடக்குவாதத்தோடு ஒப்பிடுகிறார்கள். நொச்சி ஒத்தடமும் முடக்கறுத்தான் கீரையும் வலிக்கு ஆறுதல் தந்தன. ஆனால் மூட்டு அரிக்கப்படுவதை அவை நிறுத்தும் என்று நிறுவப்படவில்லை.

மேனாட்டிலும் நெடுங்காலம் இதே நிலைதான். 1899இல் ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்தது. 1929இல் பிரான்சின் ஜாக் ஃபாரஸ்டியே தங்க உப்பை ஊசியாகச் செலுத்திப் பார்த்தார். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், நடமாட முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு ஃபிலிப் ஹெஞ்ச் குழுவினர் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டைக் கொடுத்தனர். சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹெஞ்சுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அம்மருந்தால் முகம் வீங்குவது, எலும்பு மெலிவது, சர்க்கரை ஏறுவது எல்லாம் பிறகே தெரியவந்தன. இன்றும் பெயர் தெரியாத ஊசியிலும் பொடியிலும் கிடைக்கும் உடனடிச் சுகத்துக்குப் பின்னால் பல நேரம் ஸ்டீராய்டு ஒளிந்திருக்கிறது.

உண்மையான திருப்பம் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து. அதன் வேர் சென்னை வரை ஓடுகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் மனக்கசப்புக்கு ஆளாகி, முழுப் பட்டம் பெறாமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர். அமெரிக்காவின் லெடர்லே நிறுவனத்தில் அவர் தலைமையில் நடந்த ஃபோலிக் அமில ஆய்விலிருந்தே அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும் பிறந்தன. ரத்தப் புற்றுநோய்க்காக வந்த மருந்துகள் அவை. 1951இல் அமினோப்டெரினை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1948இலேயே மறைந்துவிட்ட சுப்பாராவ் அதைக் காணவில்லை. 1988இல்தான் அமெரிக்க அரசு முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டை அனுமதித்தது. இவ்வளவு பெரிய பயனைத் தந்தவரின் பெயர் அவர் படித்த ஊரிலேயே பலருக்குத் தெரியாதது வருத்தத்துக்குரியது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஏ.என். சந்திரசேகரனின் முயற்சியால் வளர்ந்த மூட்டுவாதவியல் (ருமட்டாலஜி) துறை, இந்தியாவின் முன்னோடித் துறைகளுள் ஒன்று. கோவையிலோ ஆயுர்வேதமும் மெத்தோட்ரெக்சேட்டும் நேருக்கு நேர் ஒப்பிடப்பட்டன. 43 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 2011இல் வெளியானது. பலன் ஏறக்குறைய சமமாகத் தெரிந்தாலும், முடிவுகட்ட இவ்வளவு சிறிய எண்ணிக்கை போதாது. 1998க்குப் பின் வந்த உயிரிமருந்து ஊசிகள், மாத்திரைக்கு அடங்காத நோயையும் கட்டுப்படுத்தின. விலைதான் எட்டவில்லை. 2014இல் அடாலிமுமாப் ஊசியின் ஒப்புமருந்து இந்தியாவில் வெளிவந்த பிறகு அது ஓரளவு இறங்கியது.

சிப்காட் தொழிற்பேட்டை வளர வளர, ஓசூர்த் தொழிலாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவமும் வந்தது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. அதில் இயன்முறை மருத்துவமும் வீடு தேடி வருகிறது. 2022இல் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது.

காலையில் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் மடங்காமல், மூட்டு வீக்கம் ஆறு வாரம் நீடித்தால், வேலைக் களைப்பென்று விடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் எழுதித் தந்தால் அது வாரம் ஒரு நாள் மட்டுமே. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கருத்தரிக்க எண்ணும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி அதை நிறுத்திவிட வேண்டும்.