சாரி கார்டு

கள்ளக்குறிச்சிக்குள் நுழையும்போதே பின்னால் கட்டியிருந்த கூடாரப் பை சரியத் தொடங்கிவிட்டது. ஒரு பட்டறை ஓரமாக வண்டியை நிறுத்தி, கயிற்றை அவிழ்த்து, இடப்பக்கக் கம்பி வலையோடு சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக், "அதுல கட்டாதீங்கம்மா, வளைஞ்சிடும். அது லேடீஸ் உக்கார்றதுக்கு" என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவரே வந்து வேறு விதமாகக் கட்டிக் கொடுத்தார்.

அந்தக் கம்பி வலையைச் சாரி கார்டு என்கிறோம். அது சும்மா வந்த பழக்கமில்லை, சட்டம். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, மோட்டார் சைக்கிள்களில் மூன்று பொருள்கள் இருக்க வேண்டும் என்கிறது. பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க மிதி, அவருடைய துணி சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் ஒரு தடுப்பு. விதியில் பெண் என்ற சொல் இல்லை, 'பின்னால் உட்காருபவர்' என்றுதான் இருக்கிறது. அந்த ஆள் யார் என்பதைப் பட்டறையும் கடைத்தெருவும் புரிந்துகொண்டு பெயர் வைத்துவிட்டன. அந்தத் தடுப்பைப் பழிக்க எனக்கு மனம் வராது. முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு விழுந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பெண் வண்டியில் எங்கே உட்காருவாள், எந்தப் பக்கம் பார்த்து உட்காருவாள் என்று இந்த நாடு நினைத்துவைத்திருப்பதை, அந்த வலையைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

நான் போய்க்கொண்டிருந்தது கல்வராயன் மலைக்கு. பதினொரு பெண்கள், சனி ஞாயிறு, வண்டியில் போய்க் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்குவது. இதற்குப் பெயரோ பேனரோ கிடையாது. கோவாவில் 2013இல் தொடங்கிய இந்தியா பைக் வீக் மாதிரியான திருவிழாக்களில் மேடை, பாட்டு, கம்பெனிக் கடைகள் எல்லாம் உண்டு. எங்களிடம் இரண்டு கேஸ் அடுப்பும் ஒரு மூட்டை ரவையும் இருந்தன. கிளம்புவதற்கு முன்தினம் அம்மாவிடம் சொன்னேன். வண்டி ஓட்டுவதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, அது பழகிப்போய்விட்டது. "ராத்திரி எங்க படுப்ப?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நம் இருசக்கர வாகன வரலாற்றைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

புதுக்கோட்டையிலிருந்து தொடங்கலாம். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் பரவியபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், செவிலியர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் எல்லாரும் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் திரண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதால் இது உலகத்துக்குத் தெரிந்தது. அவர் பதிவுசெய்ததில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். சிலர் லேடீஸ் சைக்கிளைவிட ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்களாம். முன்னால் குறுக்குக் கம்பி இருக்கிறது, அதில் பிள்ளையை உட்கார வைக்கலாம்.

பெண்களுக்கென்று செய்த வண்டியைவிட ஆண்களுக்கென்று செய்த வண்டி பெண்ணின் வேலைக்கு வசதியாக இருந்தது என்பதில் சிரிக்கவும் இடமிருக்கிறது, யோசிக்கவும் இடமிருக்கிறது. தண்ணீர் எடுக்கலாம், பேருந்துக்குக் காத்திருக்க வேண்டாம், வேலைக்கும் போய்ப் பிள்ளையையும் பார்க்கலாம். அந்த இயக்கத்துக்கு ஆதரவாகப் பேசியவர்கள் சொன்ன காரணங்கள் இவை, எல்லாமே உண்மை. ஓட்டியவர்களின் சந்தோஷமும் உண்மை, ஆனால் அதைச் சொல்லி யாரும் நிதி கேட்க முடியாது.

அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றிலும் இந்தக் கணக்கு தொடர்கிறது. 1980இல் டிவிஎஸ் 50 வந்தது. தொண்ணூறுகளில் ஸ்கூட்டி வந்தது, கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் பெண்கள் தாங்களே போனார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநர் உரிமத்தை 'கியர் இல்லாதது', 'கியர் உள்ளது' என்று பிரித்து வைத்திருக்கிறது. வீடுகள் அந்தப் பிரிவை மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டன. 2018 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தைத் தொடங்கியது. வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது மானியம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு மட்டும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. இவற்றால் எத்தனை பேர் நிமிர்ந்தார்கள் என்பதை எங்கள் தெருவிலேயே எண்ணிச் சொல்ல முடியும், குறை சொல்ல நான் வரவில்லை. ஆனாலும் எல்லாத் திட்டங்களுக்குள்ளும் சொல்லாமல் ஒரு நேரம் இருக்கிறது. காலையில் போனவள் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடுவாள். அவளுக்குக் கொடுத்த தூரத்துக்கு அளவுகோல் பகல்பொழுதுதான்.

இரவைக் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நமக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மகளிர் தினத்தை ஒட்டி மலையேறப் போய், காட்டிலேயே தங்கிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த குழு காட்டுத்தீயில் சிக்கியது. அதில் பெரும்பாலோர் பெண்கள். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அனுமதி, வழிகாட்டி, தீக்காலத்தில் காட்டைத் திறப்பது என்று கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருந்தன, அவற்றையும் கேட்டார்கள். அந்த ஆண்டே அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. ஆனால் எங்கள் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் முதலில் விழுந்த கேள்வி வேறு: "பொம்பளைங்களுக்கு அங்க என்ன வேலை?" இறந்துபோன ஆண்களைப் பற்றி அப்படி யாரும் கேட்கவில்லை. நாங்கள் மலையில் தீ மூட்டவில்லை, காப்புக்காட்டுக்குள் போகவில்லை, பட்டா நிலத்தில் உரிமைக்காரரிடம் கேட்டுத்தான் தங்கினோம். அதில் குரங்கணியின் பாடம் இருந்தது. அந்தச் சாப்பாட்டு மேசையின் பயமும் கொஞ்சம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வெளிநாட்டுக் கதைகளிலும் இதே முடிச்சுதான். 1916இல் அகஸ்டா, அடலைன் வான் பியூரன் என்ற அக்கா தங்கை இரண்டு மோட்டார் சைக்கிள்களில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தார்கள். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கினால் ராணுவத்தில் செய்தி கொண்டுபோகும் வேலையைப் பெண்களும் செய்யலாம் என்று காட்டுவது நோக்கம். வழியில் ஆண் உடை போட்டதற்காகப் போலீஸ் பிடித்தது. ராணுவமோ கடைசிவரை அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1934 டிசம்பரில் தெரேசா வாலக், ஃப்ளாரன்ஸ் பிளென்கிரன் இருவரும் 600 சிசி பேந்தர் வண்டியில் பக்கத்தொட்டியும் இழுவண்டியும் மாட்டிக்கொண்டு லண்டனிலிருந்து கிளம்பி, சஹாராவைக் கடந்து, அடுத்த ஆண்டு ஜூலையில் கேப் டவுன் போய்ச் சேர்ந்தார்கள். முதல் பெண், முதல் சாதனை என்று அடுக்கும் பட்டியல்கள் எனக்கு அலுப்பு. இந்த இரண்டு பேரிடம் என்னை இழுப்பது வேறு. அத்தனை மாதமும் அவர்கள் எவர் வீட்டுக்கும் திரும்ப வேண்டியிருக்கவில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, மலைப்பாதையில் ஏறி வெள்ளிமலை சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. மரவள்ளிக் காட்டின் ஓரம் எங்களுக்கு இடம் கொடுத்திருந்த பாட்டி, மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர், கூடாரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தார். "வூடு வாசல வுட்டுட்டு எதுக்குக் கண்ணு இப்படி வெளியில படுக்கறீங்க?" கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்களில் ஒருத்தி, "சும்மாதான் பாட்டி, ஜாலியா" என்றாள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தன் பழைய இரவுகளைச் சொன்னார். பிரசவ வலி எடுத்தவளைத் தொட்டிலில் தூக்கிக்கொண்டு இருட்டில் மலையிறங்கியது, பாதி வழியிலேயே குழந்தை பிறந்தது.

இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அவர்களுக்கு வரியும் கட்டி, கூலியில்லாமல் உழைக்கவும் வேண்டும். நெருக்கடிநிலைக் காலத்தில்தான் அரசு மலையை எடுத்துக்கொண்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்த பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலைமக்களின் நிலையைப் பற்றி வழக்கு எடுத்து, சாலைகளைப் பற்றியும் கேட்டது. நாங்கள் வளைவு வளைவாக ரசித்து ஏறிய தார்ச்சாலை இன்னும் எட்டாத குக்கிராமங்கள் இங்கே உண்டு. இரவு வெளியே இருப்பது எங்களுக்கு அடம்பிடித்து வாங்க வேண்டிய ஒன்று. பாட்டிக்கு அது ஒருபோதும் மறுக்கப்படவில்லை, தலையில் கட்டப்பட்டது. இரண்டையும் 'பெண்களின் இரவு' என்று ஒரே பெயரில் எழுத எனக்குக் கை வரவில்லை.

அன்று குளிர் அதிகம். பாதி இரவு யாரும் தூங்கவில்லை. சங்கிலிக்கு எண்ணெய் போடுவது, மாமியார், மாதவிடாயின்போது நீண்ட தூரம் ஓட்டுவது, கடன் தவணை என்று பேச்சு போனது. ஸ்கூட்டியில் வந்திருந்தவளைப் புல்லட்காரி ஒருத்தி 'கியரில்லா அக்கா' என்று கேலிசெய்ய, அதில் ஒரு சண்டையும் நடந்தது. ஸ்கூட்டிக்காரி சொன்னது நியாயம்: ஏறியது எல்லாரும் ஒரே மலைதான்.

காலையில் பாட்டி ஒரு சாக்குப் பையோடு வந்து நின்றார். வெள்ளிமலைக் கடைத்தெருவரை போக வேண்டுமாம். பின்னிருக்கைப் பொருள்களை வேறு வண்டிக்கு மாற்றினேன். பாட்டி முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒருபக்கமாக உட்கார்ந்து, சாரி கார்டின் மிதியில் இரண்டு காலையும் வைத்து, மரவள்ளிப் பையை மடியில் இறுக்கிக்கொண்டார். ஒரு கை என் தோளில்.

"மெதுவா போ கண்ணு," என்றார். "அந்த வளைவுல மட்டும் ஆரன் அடி."