தூக்குமரம் ஏறிய தொழிற்சங்கத் தலைவர்

கேமரன் மலையில் 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியதையும், காட்டை அழித்துச் சரிவுகளில் செடி நட்ட தமிழர்களையும் சென்ற வாரம் பார்த்தோம். துரை (தோட்ட நிர்வாகி), கிராணி (எழுத்தர்), கங்காணி (மேற்பார்வையாளர்) என்று தலைக்கு மேல் அடுக்கடுக்காக அதிகாரம். கூலி போதவில்லை என்று தனியாளாகச் சொன்னவனுக்கு மறுநாள் வேலை நிச்சயமில்லை. ரப்பர்க் காடுகளிலும் இதே கதைதான். ஒன்றாகச் சேர்ந்து கேட்கலாம் என்ற துணிவை மலாயாத் தொழிலாளிக்கு ஊட்டியவர்களில் முன்வரிசையில் நிற்பவர் எஸ்.ஏ. கணபதி.

தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் 1912-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே சிங்கப்பூர் வந்தவர். போர்க்காலத்தில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். 1945-இல் ஜப்பான் சரணடைந்தபோது தோட்டங்கள் பசியில் கிடந்தன. ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போன பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவே இல்லை. எஞ்சியவர்கள் பழையபடி கைகட்டி நிற்கத் தயாராக இல்லை.

அந்தக் கோபத்துக்கு அமைப்பு வடிவம் தந்தது அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனம். அதன் தலைவரானார் கணபதி. தமிழர், சீனர், மலாய்க்காரர் என 2.5 லட்சத்துக்கும் அதிகமானோர் 1947-இல் அதன் குடையின்கீழ் இருந்தனர். அந்த ஓராண்டில் மட்டும் மலாயாவில் சுமார் 300 வேலைநிறுத்தங்கள் நடந்தன. ஏறத்தாழ 7 லட்சம் வேலைநாள்கள் நின்றுபோயின.

சம்மேளனத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் கை ஓங்கியிருந்தது உண்மை. பிரிட்டிஷ் அரசு அதையே காரணமாக்கியது. 1948 ஜூனில் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தியது: ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே இனிக் கூட்டமைப்பாகச் சேரலாம். பல தொழில்களின் தொழிலாளரை ஒன்றிணைத்த சம்மேளனம் அந்த ஒரே விதியால் சட்டவிரோதமானது. சில நாள்களிலேயே சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைகள் கொல்லப்பட, நாடெங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை என்றானது.

தலைமறைவாக இருந்த கணபதி 1949-இல் கைத்துப்பாக்கியுடன் பிடிபட்டார். வழியில் கிடைத்த ஆயுதத்தை ஒப்படைக்கவே கொண்டுசென்றதாக நீதிமன்றத்தில் அவர் சொன்னது எடுபடவில்லை. இந்திய அரசு கருணை காட்டக் கோரியது. அதுவும் எடுபடவில்லை. மே 3-ஆம் தேதி அவருடைய தோழர் வீரசேனன் பாதுகாப்புப் படையின் குண்டுக்குப் பலியானார். மறுநாள் காலை கோலாலம்பூர் புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார்.

அவர் ஆளைச் சுட்டதாகவோ, கொன்றதாகவோ குற்றச்சாட்டு இல்லை. ஆயுதம் வைத்திருந்ததற்கு ஓர் உயிர் விலையானது. அவருடைய அரசியலை ஏற்காதவரும் இதை அநீதி என்றே சொல்ல வேண்டும். இன்று ஊதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஒவ்வொரு தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கும் கணபதியின் பெயரைப் பெற்றோர் சொல்லித்தர வேண்டும்.

சிதறடிக்கப்பட்ட சங்கங்கள் 1954-இல் பி.பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றிணைந்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)